கையை விடுங்க அண்ணாச்சி

முதலாம் ஆண்டு உடற்கூறியல் வகுப்பில் எங்கள் ஆசிரியர் ஒரு மாணவனை எழுப்பிச் சுவரைத் தள்ளச் சொன்னார். அவனும் இரண்டு கையையும் ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளினான். "இப்ப எந்தத் தசை தள்ளுது?" என்று எங்களைக் கேட்டார். நெஞ்சு என்றோம், தோள் என்றோம். முன்பெஞ்சில் இருந்த ஒருத்தி டிரைசெப்ஸ் என்றாள். "ஒண்ணுமே தள்ளல. மனுஷ உடம்புல தள்ளுற தசைன்னு ஒண்ணு கிடையாது. எல்லாம் இழுக்கத்தான் இழுக்கும்" என்று சொல்லிவிட்டுச் சாக்பீஸை எடுத்தார்.

மேற்கையின் பின்புறம் இருக்கும் டிரைசெப்ஸ் சுருங்கி, முழங்கை முனையைத் தன் பக்கம் இழுக்கிறது. அதனால் முன்கை நீள்கிறது. நீண்ட கை சுவரில் முட்டுகிறது. நாம் தள்ளுகிறோம் என்று சொல்வது அவ்வளவுதான். அதே கையை மடக்க வேண்டுமென்றால் முன்புறம் இருக்கும் பைசெப்ஸ் இழுக்க வேண்டும். இப்படி ஒவ்வொரு மூட்டுக்கும் இந்தப் பக்கம் ஆள், அந்தப் பக்கம் ஆள் என்று போட்டிருக்கிறது. ஒரு பக்கம் இழுக்கும்போது மறுபக்கம் தளர்ந்துகொடுத்தால்தான் மூட்டு அசையும். இரண்டும் சேர்ந்து இழுத்தால் கை விறைத்து நிற்கும், நகராது.

தளர்ந்துகொடுப்பதுகூட ஏவப்பட்டு நடக்கிற வேலைதான் என்று காட்டியவர் இங்கிலாந்தின் சார்லஸ் ஷெரிங்டன். முழங்காலை நீட்டச் சொல்லித் தொடைத் தசைக்குப் போகும் அதே நரம்புச் செய்தி, தண்டுவடத்துக்குள்ளேயே கிளை பிரிந்து, காலை மடக்கும் தசைகளின் நரம்பணுக்களை அடக்கி வைக்கிறது. டாக்டர் சுத்தியலால் முட்டிக்குக் கீழே தட்டும்போது கால் துள்ளுகிறதே, அந்த ஒரு கணத்தில் இரண்டும் நடந்து முடிந்துவிடும். ஷெரிங்டனுக்கும் எட்கர் ஏட்ரியனுக்கும் 1932இல் நோபல் பரிசு கிடைத்தது. எங்களுக்கு அது ஐந்து மதிப்பெண் கேள்வி. எழுதி வாங்கிக்கொண்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டோம். பிசியோதெரபிஸ்டாக வேலைக்கு வந்தபிறகு நான் பார்த்த நோயாளிகளில் பாதிப்பேர் அந்த ஐந்து மதிப்பெண்ணுக்குள் அடங்கிவிடுவார்கள் என்று அப்போது தெரியாது.

அந்த வருஷத்தில் மறக்க முடியாதது பிரேத அறுவைக் கூடம். ஃபார்மலின் நெடியில் கண்ணும் மூக்கும் ஒழுகும். சாப்பாட்டு வேளையிலும் விரலில் அந்த வாடை போகாது. முன்கையைப் பிரித்துக் காட்டிய நாளில் ஆசிரியர் மணிக்கட்டுக்கு மேலே வெள்ளை வெளேரென்று ஓடிய நாண் ஒன்றைக் கிடுக்கியால் பிடித்து மெல்ல இழுத்தார். மேஜை ஓரத்தில் கிடந்த கையின் மோதிர விரல் மடங்கியது. பக்கத்தில் நின்றவள் ஓரடி பின்னால் நகர்ந்துவிட்டாள். எனக்கு பயத்தைவிட ஆச்சரியம்தான். விரலை மடக்கும் தசை விரலில் இல்லவே இல்லை. முழங்கைக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு நீளமான நாண் வழியாக விரலை ஆட்டுகிறது. நம்பிக்கை இல்லாதவர்கள் ஒரு கையால் மறு முன்கையைப் பிடித்துக்கொண்டு விரல்களை ஆட்டிப் பார்க்கலாம். தோலுக்கடியில் ஓடுவது தெரியும்.

அதைவிட நுணுக்கம் விரலுக்குள் இருந்தது. விரலை மடக்க ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு நாண்கள் வருகின்றன. மேலே வருவது நடு எலும்போடு நின்றுவிடும். கீழே வருவது நுனி எலும்புவரை போக வேண்டும். மேலே இருப்பது வழியை அடைத்துக்கொண்டால் கீழே இருப்பது எப்படிப் போகும்? மேல் நாண் இரண்டாகப் பிளந்து நடுவில் சந்து விடுகிறது. அந்தச் சந்துக்குள் நுழைந்து கீழ் நாண் நுனிக்குப் போய்விடுகிறது. ஊசி பிடிக்கிற விரலிலும் கட்டை வெட்டுகிற விரலிலும் இதே ஏற்பாடுதான்.

இதையெல்லாம் படிப்பதற்கு முன்பே எனக்கு ஒரு குரு இருந்தாள். எங்கள் ஊர் திருச்செந்தூருக்கும் உடன்குடிக்கும் இடையில், தேரிக்காட்டை ஒட்டிக் கிடப்பது. அப்பாவைப் பெற்ற ஆச்சிதான் அங்கே சுளுக்குப் பார்ப்பவள். கைக்குழந்தைக்கு உரம் விழுந்தாலும், கிணற்றடியில் கால் பிரண்டாலும், நெல் மூட்டை தூக்கிக் குறுக்கு பிடித்துக்கொண்டாலும் எங்கள் வீட்டுத் திண்ணைக்குத்தான் வருவார்கள். எலும்பில் கோளாறு என்று பட்டால் தொடமாட்டாள். "இது எஞ்சோலி இல்ல. கட்டுப் போடுதவன்ட்ட கூட்டிட்டுப் போ" என்று அனுப்பிவிடுவாள்.

பிரண்ட காலைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொள்வாள். சூடாக்கின எண்ணெய் பக்கத்தில் ஆறிக்கொண்டிருக்கும். உருவ ஆரம்பிக்கமாட்டாள். ஒரு கையைக் குதிகாலுக்கு அடியில் கொடுத்துத் தாங்கிக்கொண்டு, "ஒம் மவ முழுவாம இருக்காளாமே, எத்தன மாசம்?" என்று வேறு கதையைத் தொடங்குவாள். வந்தவர் மகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கும்போது, எப்போது என்று தெரியாமல், அந்தக் கால் பொதுக்கென்று அவள் உள்ளங்கையில் கனத்து விழும். "ஆங், இப்பதாம்ல வுட்ட" என்று சொல்லிவிட்டு, பிறகுதான் எண்ணெயில் விரலை முக்குவாள். வலியில் சிலர் காலை இறுக்கிக்கொண்டே இருப்பார்கள். அவர்களுக்குத் தவிட்டு ஒத்தடம் கொடுத்து, நாளைக்கு வா என்று சொல்லிவிடுவாள்.

கல்லூரியில் இதே பாடம் வேறு வார்த்தையில் வந்தது. அடிபட்ட மூட்டைச் சுற்றியுள்ள தசைகள் இறுகிக் காவல் நிற்கும். அது உடம்பின் நல்லெண்ணம்தான். ஆனால் காவல் முடிந்தபிறகும் அவை கலைந்து போகாமல் இருந்துவிட்டால் அந்த இறுக்கமே வலியாகிவிடும். அந்தக் காவலோடு சண்டைக்குப் போகக் கூடாது. அறுபது கிலோ எடையுள்ள ஆளின் ஒரு கை ஏறக்குறைய மூன்று கிலோ வரும். நாம் ஏந்தும்போது அந்த மூன்று கிலோவும் நம் கைக்கு வர வேண்டும். ஒரு கிலோதான் வருகிறது என்றால் மிச்சத்தை அவரே தூக்கிக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம். எடை முழுதாக வரும்வரை காத்திருங்கள் என்று ஆசிரியர் சொன்னபோது ஆச்சியின் மடிதான் எனக்கு நினைவுக்கு வந்தது.

ஆச்சிக்குத் திருஷ்டி கழிக்கும் வேலையும் உண்டு. எங்கள் கன்னத்தை வழித்துத் தன் நெற்றிப் பொட்டில் வைத்து மடக்கினால் பத்து விரலும் படபடவென்று சொடக்குவிடும். சத்தம் அதிகமாக வந்தால் கண் அதிகமாகப் பட்டிருக்கிறதாம். "இப்படி நெட்டி முறிச்சா பெறவு விரலு வீங்கிரும்" என்று அப்பா சொல்வார். அமெரிக்காவில் டொனால்டு அங்கர் என்ற மருத்துவர் தன் அம்மா சொன்ன இதே பேச்சைச் சோதிக்க, ஒரு கையில் மட்டும் அறுபது வருஷத்துக்கு மேல் நெட்டி முறித்துப் பார்த்தார். இரண்டு கையிலும் மூட்டுவாதம் இல்லை. 2009இல் சிரிக்க வைத்துச் சிந்திக்க வைக்கும் ஆய்வுகளுக்கான இக் நோபல் கொடுத்தார்கள். ஒற்றை ஆளின் கையை வைத்துச் சட்டம் போட முடியாதுதான். அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்பதை 2015இல் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எம்ஆர்ஐ படமாகவே எடுத்தார்கள். விரலை இழுத்ததும் மூட்டுக்குள் இருக்கும் இரண்டு எலும்பு முனைகளும் சட்டென்று விலகுகின்றன. நடுவில் இருக்கும் திரவத்தில் வாயுக் குழி ஒன்று உண்டாகிறது. சத்தம் அந்தக் கணத்தில்தான்.

மூட்டுக்குள் அந்தத் திரவம் எவ்வளவு இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? நல்ல முழங்காலில்கூட ஒரு டீஸ்பூன் தேறாது. அதை நம்பித்தான் எலும்பு முனையில் இருக்கும் குருத்தெலும்பு பிழைக்கிறது. குருத்தெலும்புக்கு ரத்தக் குழாய் கிடையாது. காலை ஊன்றும்போது அது நசுங்கி உள்ளே இருக்கும் நீரை வெளியே விடுகிறது. காலைத் தூக்கும்போது பிழிந்த பஞ்சு விரிவதுபோல மறுபடி உறிஞ்சிக்கொள்கிறது. சத்து போவதும் வருவதும் அந்த வழியில்தான். நாள் முழுக்க நின்றே வேலை பார்ப்பவர்களும், எழுந்திருக்காமல் உட்கார்ந்தே இருப்பவர்களும் ஒரே மாதிரி முட்டிவலியோடு என்னிடம் வருவார்கள். முன்னவர்களுக்கு அழுத்தம் விடுவதில்லை, பின்னவர்களுக்கு அழுத்தமே விழுவதில்லை. "மூட்டு தேஞ்சிட்டுன்னு சொல்லிட்டாவ. இனி நடக்கக் கூடாதுல்லா?" என்று கேட்பவர்களிடம், அளவாக நடந்தால்தான் அதற்குச் சோறு என்று சொல்வேன்.

ஊரிலிருந்து வந்தவர்களில் ஒரு பனையேறி அண்ணாச்சியை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். அறுபதை நெருங்கியவர். நெஞ்சில் மரம் உரசிக் காய்த்த தழும்பு, தளைநார் போட்டுப் போட்டுத் தடித்துப்போன பாதம். வலது தோளில் வலி. "மரத்துல இருக்கையில ஒண்ணும் தெரியல தம்பி. சட்ட மாட்டையிலதான் உசுரு போவுது" என்றார். கையைப் பக்கவாட்டில் தூக்கச் சொன்னேன். கொஞ்ச தூரம் நன்றாக வந்தது. தோள் மட்டத்தை நெருங்கும்போது முகம் கோணியது. அதைத் தாண்டி மேலே போனதும் முகம் தெளிந்துவிட்டது. 60 பாகைக்கும் 120 பாகைக்கும் நடுவில் மட்டும் வலி.

தோள் நம் உடம்பிலேயே அதிகம் சுழலும் மூட்டு. அவ்வளவு சுதந்திரத்துக்கு விலை, குழி ஆழமில்லாமல் இருப்பது. மேற்கை எலும்பின் உருண்டைத் தலை ஏறக்குறைய மேலோட்டமாகத்தான் உட்கார்ந்திருக்கிறது. அது நழுவாமல் நாலு சின்னத் தசைகள் நாலு பக்கமும் இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. அதில் மேல்பக்கம் இருப்பதன் நாண், தோள்பட்டை எலும்பின் கூரைக்கு அடியில் ஒரு குறுகிய சந்து வழியாக வருகிறது. கையைத் தூக்கும்போது நசுங்குவது அந்த இடம்தான். பாளையைச் சீவ வருஷக்கணக்காகத் தலைக்குமேல் அரிவாள் பிடித்தவருக்கு அங்கே வலி வராமலிருந்தால்தான் அதிசயம்.

கையைத் தலைக்குமேல் தூக்குவது கை மட்டும் செய்கிற வேலை இல்லை. மொத்தம் 180 பாகையில் மேற்கை எலும்பு 120 பாகை போனால், முதுகில் இருக்கும் தோள்பட்டை எலும்பு சுழன்று மிச்சம் 60ஐக் கொடுக்கிறது. இரண்டுக்கு ஒன்று என்று தாளம் தப்பாமல் போகும். இந்தச் சேர்ந்தியக்கத்துக்குப் பெயர் வைத்தவர் பாஸ்டன் நகர அறுவை மருத்துவர் எர்னஸ்ட் காட்மன். தோளைப் பற்றி மட்டுமே 1934இல் ஒரு பெரிய புத்தகம் எழுதினார். எங்கள் அறையில் இன்றும் தோள்வலிக்காரர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் முதல் பயிற்சி அவர் பெயரில்தான் வழங்குகிறது. நல்ல கையால் மேஜையைப் பிடித்துக்கொண்டு குனிய வேண்டும். வலிக்கிற கையை அப்படியே தொங்கவிட வேண்டும். உடம்பை லேசாக ஆட்டினால் கை தானாக ஊசலாடும். தோள் தசைகள் எதுவும் செய்யக் கூடாது. அதுதான் பயிற்சி.

அண்ணாச்சி குனிந்தார். கை தொங்கவில்லை. பாதியில் அந்தரத்தில் நின்றது.

"கையை விடுங்க அண்ணாச்சி."

"வுட்டுட்டேன் தம்பி."

தொட்டுப் பார்த்தேன். கட்டை மாதிரி இருந்தது. இன்னும் விடுங்க என்றேன். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "பதினாலு வயசுலருந்து மரத்துல கெடக்கேன். கைய வுட்டா தல இருக்காதுன்னு எங்கய்யா சொல்லித் தந்தாவ. நீங்க வுடச் சொல்லுதீய. எப்பிடி வரும்?"

என்னிடம் பதில் இல்லை. மறுநாள் அவரையே ஒரு சின்னக் கலயம் கொண்டுவரச் சொன்னேன். அதில் பாதிக்குத் தண்ணீர் ஊற்றி, குனிந்தபடி அதன் கயிற்றைப் பிடிக்கச் சொன்னேன். வெறுங்கையோடு விடத் தெரியாதவருக்கு, கலயத்தின் கனம் வந்ததும் கை பழக்கத்தில் நீண்டு தொங்கிவிட்டது. உடம்பை அசைத்ததும் கை ஊசலாடியது. கலயத்திலிருந்து சொட்டுத் தண்ணீர் சிந்தவில்லை. "பயினி சிந்துனா வீட்ல ஏசுவாவல்லா" என்றார்.

பயிற்சிக்கு நடுவே அவர்தான் எனக்கு இன்னொன்றையும் சொன்னார். "ஏறுதது தெம்பு தம்பி. எறங்குததுதான் வித்த." புத்தகத்தில் இதற்கு ஓர் அத்தியாயமே இருக்கிறது. ஏறும்போது தசை சுருங்கி உடம்பை மேலே தூக்குகிறது. இறங்கும்போது அதே தசை, பிடியை முழுக்க விட்டுவிடாமல், கொஞ்சம் கொஞ்சமாக நீண்டுகொண்டே எடையைக் கீழே இறக்குகிறது. இப்படி நீண்டுகொண்டே தாங்கும்போதுதான் தசை இழைகளில் நுண்ணிய சேதம் ஏற்படுகிறது. பழனி மலை ஏறி இறங்கிய மறுநாள் தொடை பிடித்துக்கொண்டு மாடிப்படியில் தள்ளாடுபவர்கள், ஏறியதுதான் காரணம் என்று நினைப்பார்கள். பெரும்பங்கு இறங்கியதால் வந்தது. லாக்டிக் அமிலம் தேங்கிவிட்டது என்று உடற்பயிற்சிக் கூடங்களில் சொல்வதும் சரியில்லை. அந்த அமிலம் ஓய்வெடுத்த ஒன்றிரண்டு மணி நேரத்தில் கரைந்துவிடும். வலியோ மறுநாள்தான் ஆரம்பித்து, அதற்கடுத்த நாள் உச்சத்துக்குப் போகும்.

எங்கள் ஊரில் யாராவது இறந்துவிட்டால் அழுகைச் சத்தம் கேட்டதுமே ஆச்சியைத்தான் தேடுவார்கள். அவள் அழமாட்டாள். அதற்கு அப்புறம் நேரம் இருக்கிறது என்பாள். கண்ணை மூடிவிடுவாள். நாடியைச் சேர்த்துத் தலையைச் சுற்றி வேட்டிக் கிழிசலால் கட்டுவாள். மடங்கிக் கிடக்கும் கை கால்களை நீட்டி, கால் பெருவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டிவிடுவாள். "சீக்கிரம், சீக்கிரம், பெறவு ஒண்ணும் வளையாது" என்று அவசரப்படுத்துவாள். எந்த இடத்தை முதலில் பார்க்க வேண்டும் என்பதிலும் அவளுக்குக் குழப்பம் வந்ததில்லை. இமையும் தாடையும்தான் முதலில். விறைப்பு நம் கண்ணுக்குத் தெரியத் தொடங்குவதும் அந்த இடங்களில்தான் என்று பின்னால் தடயவியல் பாடத்தில் படித்தேன். வெயில் காலத்தில் அது சீக்கிரம் வந்து சீக்கிரம் போய்விடும்.

உயிர் போனால் எல்லாம் தளர்ந்துதானே போக வேண்டும், ஏன் விறைக்கிறது என்பது எனக்கு நெடுநாள் சந்தேகம். விடை தசை இழைக்குள் இருக்கிறது. அங்கே தடித்த இழைகளும் மெல்லிய இழைகளும் அடுக்கடுக்காக இருக்கின்றன. தசை சுருங்கும்போது இந்த இழைகள் குட்டையாவதில்லை. ஒன்றுக்குள் ஒன்று சறுக்கிப் போகின்றன. 1954 மே 22 தேதியிட்ட நேச்சர் இதழில் இரண்டு குழுக்கள் தனித்தனியாக இதை எழுதின. ஒன்றில் ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் ரோல்ஃப் நீடர்கெர்க்கும். மற்றதில் ஹியூ ஹக்ஸ்லியும் ஜீன் ஹான்சனும். இரண்டு ஹக்ஸ்லிகளும் உறவுக்காரர்கள் இல்லை. தடித்த இழையிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் நுண்ணிய தலைகள் மெல்லிய இழையைப் பற்றும், இழுக்கும், விடும், மறுபடி பற்றும். அதில் விடுகிற கட்டத்துக்குத்தான் ஏடிபி என்ற எரிபொருள் மூலக்கூறு வந்து ஒட்ட வேண்டும். அது வராதவரை பற்றிய தலை பற்றியபடியே நிற்கும். இறந்த உடம்பில் ஏடிபி தீர்ந்துபோகிறது. அதனால் விறைக்கிறது. பிடிப்பதற்குத்தான் சக்தி வேண்டும், விடுவது சும்மா நடக்கும் என்று எண்ணிக்கொண்டிருந்த எனக்கு, அன்றைக்கு அந்தக் கணக்கு தலைகீழானது.

உயிரோடு இருப்பவர்களிடமும் இதன் வேறொரு முகத்தைப் பக்கவாதத்தில் பார்க்கலாம். அங்கே எரிபொருளுக்குக் குறைவில்லை. மேலேயிருந்து வரும் அடக்கும் உத்தரவுதான் குறைந்துவிடுகிறது. கையை மடக்கும் தசைகள் கேட்பாரில்லாமல் இழுத்துக்கொள்ளும். முழங்கை மடங்கி, விரல்கள் கட்டைவிரலை உள்ளே வைத்து மூடிக்கொள்ளும். குணமாகும்போதும் பலருக்குப் பிடிப்பது முதலில் வரும். விரலை விரித்து விடுவது பின்னால்தான் வரும். சிலருக்கு வராமலே போய்விடும்.

மளிகைக் கடை வைத்திருந்த ஒரு பெரியவர் வலதுபக்கம் விழுந்து எங்களிடம் வந்தார். சில மாதங்களில் டம்ளரைப் பிடித்துவிட்டார். வீடே சந்தோஷப்பட்டது. காபியைக் குடித்து முடித்த பிறகு டம்ளரைக் கீழே வைக்க முடியவில்லை. வைக்க நினைக்க நினைக்க விரல்கள் இன்னும் இறுகின. அவர் மனைவி வந்து சுண்டுவிரலிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தார். "இது புதுசில்ல தம்பி. இந்தக் கையிலருந்து எதையும் லேசுல வாங்க முடியாது" என்று அந்த அம்மா சொன்னதும் பெரியவருக்கு வாய் கோணியபடியே சிரிப்பு வந்துவிட்டது.

அவர்கள் பேச்சை வைத்தே பயிற்சியை அமைத்தேன். கடையிலிருந்த பழைய மரக் கல்லாப்பெட்டியை வீட்டுக்கு எடுத்து வரச் சொன்னேன். மேஜையில் நாணயங்கள். ஒன்றை எடுக்க வேண்டும், பெட்டியின் பள்ளத்துக்கு மேலே கொண்டுபோய் விட வேண்டும். எடுப்பதில் சிரமமில்லை. விடும் இடத்தில் வியர்த்தது. மணிக்கட்டைக் கீழே மடக்கினால் விரல்களைப் பின்னால் இழுக்கும் நாண்கள் தாமாகவே இழுபட்டுப் பிடி கொஞ்சம் நெகிழும். அந்தச் சூட்சுமத்தைக் காட்டிக்கொடுத்தேன். அவசரப்படாதீங்க, மூச்சை விட்டுக்கொண்டே விடுங்க என்றேன். வாரங்கள் போயின. ஒருநாள் நாணயம் விழுந்தது. இன்னொன்றை எடுத்தார், அதுவும் விழுந்தது. அம்மா அடுப்படியிலிருந்து வந்து, கைகட்டி நின்று பார்த்தார்.

"கல்லாவுக்குன்னா வுடுதாக. அம்பது ரூவா நான் கேட்டேம் பாருங்க, அப்ப தெரியும் ஒங்க வைத்தியம்" என்றார்.

பெரியவர் காது கேட்காதவர்போல அடுத்த நாணயத்தை எடுத்தார்.